பத்து மில்லி நிம்மதி, முப்பத்திரண்டு யூரோ

போன மாதம் ஒரு சாமத்திய வீட்டுக்குப் போனேன். கோட்டைக் கழற்றி மாட்டவில்லை, அதற்குள் ஒரு அன்ரி என் கையைப் பிடித்து மணிக்கட்டில் ஒரு துளி எண்ணெய் விட்டுவிட்டா.

"மணந்து பாருங்கோ தம்பி. உங்களுக்கு ஐரி வேலை, ஒரே ஸ்ட்ரெஸ்தானே. இது நேரா நரம்புக்குப் போகும்."

மணந்தேன். லாவெண்டர், அதோடு கொஞ்சம் தோடம்பழத் தோல். நல்ல மணம்தான், அதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. பத்து மில்லி எவ்வளவு என்று கேட்டேன். முப்பத்திரண்டு யூரோ. அங்கத்தவராகச் சேர்ந்தால் கழிவு உண்டாம். எனக்குக் கீழே மூன்று பேரைச் சேர்த்துவிட்டால் என் போத்தல் எனக்குச் சும்மா கிடைத்த மாதிரியாம். பிறகு குரலைத் தாழ்த்தி, "டிப்ரெஷன், பானிக் எல்லாத்துக்கும் கேக்கும். குளிசை போட்டு மூளையைக் கெடுக்கத் தேவையில்லை" என்றா.

அந்தக் கடைசி வசனத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் சித்தியின் மகள் ஒருத்தி இருக்கிறாள். அவளிடம் கேட்டுவிட்டு, அவள் வாசித்துச் சம்மதித்த பிறகுதான் இதைப் போடுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விஷயங்களை மாற்றியிருக்கிறேன். படிக்க கார்ல்ஸ்ரூஹேக்கு வந்தவள். இரண்டாவது செமஸ்டரில் ஒரு நாள் ட்ராமில் போகும்போது நெஞ்சு அடைத்தது, கை விறைத்தது, மூச்சு வரவில்லை, செத்துப்போகப் போகிறேன் என்று நினைத்தாள். டுர்லாஹர் டோரில் ட்ராம் நிலத்துக்குக் கீழே இறங்கும், 2021 டிசம்பரில் திறந்த அந்தச் சுரங்கம் உங்களில் இந்த ஊர்க்காரருக்குத் தெரியும். அதற்குள்தான் வந்தது. மார்க்ட்பிளாட்ஸில் இறங்கி மேலே ஓடிவந்து கல்லில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். அடுத்த கிழமை திரும்பவும் வந்தது. அதற்கடுத்த கிழமை, வரப்போகிறது என்ற பயமே வந்துவிட்டது.

வீட்டுக்குச் சொன்னாள். வீட்டார் செய்தது என்ன? அம்மாவின் சிநேகிதி ஒருவர், நான் மேலே சொன்ன அன்ரி அல்ல, அதே வகை இன்னொருவர், ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்தா. சின்னச் சின்னப் போத்தல் பன்னிரண்டு, ஆவி விடுகிற கருவி ஒன்று, கழுத்தில் மாட்டுகிற தொங்கல் ஒன்று. எல்லாம் சேர்த்து இருநூறு யூரோவுக்கு மேல். காலையில் இது, இரவில் அது, ட்ராமில் ஏறும்போது மற்றது. ஏழு மாதம் போனது. அந்த ஏழு மாதத்தில் ஒருவர்கூட அவளை ஒரு டொக்டரிடம் கூட்டிப்போகவில்லை. கடைசியில் ட்ராம் மட்டும் இல்லை, விரிவுரை மண்டபம், சுப்பர்மார்க்கெட் வரிசை, லிஃப்ட் எல்லாம் கைவிட்டுப் போயின. ஒரு செமஸ்டர் போனது. ஏழு மாதத்துக்குப் பிறகு எனக்குத் தெரியவந்தது, அதுவும் அவள் சொல்லி அல்ல, அவளுடைய தம்பி சொல்லி. ஒரே ஊரில் இருந்துகொண்டு கவனிக்காமல் இருந்த அண்ணன்களின் பட்டியலில் நானும் இருக்கிறேன், அதை மறைக்கவில்லை.

இனி எண்ணெய்க்கு வருவோம்.

வாசனை மனிதனை ஒன்றும் செய்யாது என்று சொல்கிற ஆள் நான் இல்லை. மூக்கிலிருந்து போகிற செய்தி மூளையில் உணர்ச்சியையும் ஞாபகத்தையும் கையாளுகிற பகுதிகளுக்கு மற்றப் புலன்களைவிடக் குறுக்கு வழியில் போய்ச் சேருகிறது. சாம்பிராணி மணத்தால் ஒரு நொடியில் அம்மம்மாவின் வீட்டு வாசலில் போய் நிற்கிறோமே, அது பொய்யில்லை. மெந்தாலை எடுங்கள். நெற்றியில் பூசினால் குளிர்கிறது, ஆனால் தோலின் வெப்பம் குறையவில்லை. குளிரை உணருகிற அதே வாங்கியை மெந்தால் போய்த் தட்டுகிறது, மூளை "குளிர்" என்று நம்பிவிடுகிறது. அந்த வாங்கியைக் கண்டுபிடிக்க மெந்தாலையே பயன்படுத்தினார்கள். அந்தத் துறையில் வேலை செய்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் இருவருக்கும் 2021இல் மருத்துவ நோபல் கிடைத்தது. தடிமன் பிடித்த மூக்கிலும் இதே கதைதான். மெந்தால் மணந்தால் மூக்குத் திறந்த மாதிரி இருக்கும், அளந்து பார்த்தால் காற்றுப் போகிற அளவில் மாற்றமில்லை. உணர்வு நிஜம், திறந்தது நிஜமில்லை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற எல்லாமே இதற்குள் அடங்கும்.

களைத்து வந்த நாளில் லாவெண்டர் மணம் உங்களுக்குப் பிடிக்கிறதா? வாங்குங்கள். 1973இல் எங்கள் ஊர் ஹெறன்ஸ்ட்ராஸவில் முதல் கடையைத் திறந்த டிஎம்மில் சில யூரோவுக்குக் கிடைக்கும். சுடுதண்ணீரில் குளியுங்கள், விளக்கை அணையுங்கள், ஃபோனைத் தள்ளி வையுங்கள். சுகமாக இருக்கும். அந்தச் சுகத்துக்கு ஒரு நோயின் பெயரைக் கட்டி, ஒரு பிள்ளையின் பயத்தைப் பார்த்து, பத்து மடங்கு விலைக்கு விற்கிறார்களே, அதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

விற்கிறவர்கள் எங்களிடம் எடுக்கிற முதல் ஆயுதம் முகஸ்துதி. "இது எங்கட முன்னோர் வைத்தியம், ஐயாயிரம் வருஷம், வெள்ளைக்காரன் இப்பதான் கண்டுபிடிக்கிறான்." இங்கே பிறந்த எங்களுக்கு இது நேராக நெஞ்சில் போய்த் தைக்கும். சனிக்கிழமை தமிழ்ப்பள்ளிக்கூடத்துக்கு அரை நித்திரையில் போனவர்களுக்குத் தெரியும், "எங்களுடையது" என்று யாராவது ஒன்றைக் காட்டினால் நாங்கள் கேள்வி கேட்க மாட்டோம். கேட்டால் துரோகி மாதிரி இருக்கும்.

ஆனால் கொஞ்சம் கேட்டுப் பார்ப்போம். அம்மம்மா வைத்திருந்த தைலம் என்ன? நல்லெண்ணெயில் மூலிகைகளைப் போட்டுக் காய்ச்சி வடித்தது. தடிமன் வந்தால் நொச்சி இலையைக் கொதிக்க வைத்து, போர்வையால் மூடி வேது பிடிக்கச் சொல்வா. இந்தப் போத்தலுக்குள் இருப்பது வேறு சாமான். செடியை நீராவியில் வாட்டி, ஆவியைக் குளிர்வித்து, மேலே மிதக்கிற பொருளை மட்டும் பிரித்தெடுத்தது. ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு மூவாயிரம், நாலாயிரம் கிலோ இதழ் வேண்டும், அவ்வளவு செறிவு. அம்மம்மா ஒருநாளும் எங்கள் தோலில் அப்படி ஒன்றைப் பூசியதில்லை. "அரோமாதெரபி" என்ற சொல்லே பிரெஞ்சு வேதியியலாளர் ரெனே மொறிஸ் கட்ஃபொஸே உண்டாக்கியது, 1937இல் அந்தப் பெயரில் புத்தகம் போட்டார். 1910இல் ஆய்வுகூட வெடிப்பில் அவர் கை எரிந்ததும், தற்செயலாக லாவெண்டர் தொட்டிக்குள் கையை விட, உடனே சுகமானதும் என்று ஒரு கதை எல்லா விற்பனைக் கூட்டத்திலும் ஓடும். அவரே எழுதியது அப்படியில்லை. காயத்தில் தொற்று ஏறிவிட்டது, அதை லாவெண்டர் எண்ணெயால் தெரிந்துதான் கழுவினார். தற்செயலும் இல்லை, தொட்டியும் இல்லை. ஐயாயிரம் வருஷம் கிடக்கட்டும், நூறு வருஷக் கதையையே இவர்களால் நேராகச் சொல்ல முடியவில்லை.

இதில் இன்னொரு பகிடி உண்டு. எங்கள் எல்லார் வீட்டிலும் இருக்கிற கோடாலித் தைலம். சூட்கேஸில் வரும், சாமிப்படத்துக்குப் பக்கத்தில் இருக்கும், ஆரும் ஊருக்குப் போனால் ஒரு டசின் வாங்கிக்கொண்டு போவார்கள். அது யாழ்ப்பாணத்ததும் இல்லை, சித்த வைத்தியமும் இல்லை. 1928இல் சிங்கப்பூரில் ஒரு சீன வியாபாரி தொடங்கியது. செய்முறை அவருக்கு ஒரு ஜெர்மன் வைத்தியரிடமிருந்து கிடைத்தது என்று அந்தக் கம்பனியே சொல்கிறது. ஜெர்மன்காரன் செய்முறை, சீனன் போத்தல், தமிழன் நெற்றி. எங்கள் பாரம்பரியம் இப்படித்தான் கப்பலேறி வந்திருக்கிறது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. "தூய முன்னோர் ஞானம்" என்று அதை லேபிள் ஒட்டி விற்றால் மட்டும் எனக்குச் சிரிப்பு வரும்.

(விக்ஸ் இங்கே ஏன் "விக்" என்ற பெயரில் விற்கிறார்கள் என்று உங்கள் ஜெர்மன் வகுப்புத் தோழர்களிடம் கேளுங்கள். அம்மாவிடம் கேட்க வேண்டாம்.)

எங்கள் ஊர் மார்க்ட்பிளாட்ஸில் ஒரு பிரமிட் நிற்கிறது. 1715இல் ஊரை உருவாக்கிய கார்ல் வில்ஹெல்ம் அதற்குக் கீழே கிடக்கிறார். பிரமிட்டின் கீழே யாரோ புதைந்திருப்பார்கள் என்பதை இந்த ஊரில் சின்னப்பிள்ளைக்கும் சொல்லத் தேவையில்லை. எண்ணெய்ப் பிரமிட்டின் கீழே எங்கள் அம்மாமார். துப்புரவு வேலை, சமையல் வேலை, முதியோர் இல்ல வேலை என்று இருபத்தைந்து வருஷம் முதுகு முறிந்தவர்களுக்கு, "நீங்களும் பிசினஸ் வுமன்" என்று ஒருத்தர் முதன்முதலாகச் சொல்கிறார். அந்த மரியாதைக்கு அவர்கள் கொடுக்கிற விலைதான் அலுமாரிக்குள் விற்காமல் கிடக்கிற போத்தல்கள். என் கோபம் அந்த அன்ரி மேல் பாதிகூட இல்லை. அவவும் யாரோ ஒருவருக்குக் கீழே உள்ள மூன்று பேரில் ஒருத்தி.

மேலே இருக்கிறவர்கள் எவ்வளவு கவனமாக இருக்கிறார்கள் என்று பாருங்கள். கம்பனியின் சொந்தப் பக்கத்தில் "சமநிலை", "உற்சாகம்", "அமைதியான மாலை" என்று மட்டும் இருக்கும். நோயின் பெயரைச் சொல்வது கீழே உள்ள விற்பனையாளர், வட்ஸ்அப்பில், குரல் பதிவில். 2014 செப்டம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் யங் லிவிங், டோடெர்ரா என்ற இரண்டு பெரிய எண்ணெய்க் கம்பனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அவர்களுடைய விற்பனையாளர்கள் இணையத்தில் எபோலா, புற்றுநோய், ஓட்டிசம் வரைக்கும் எண்ணெய் கேட்கும் என்று எழுதியிருந்தார்கள். மேற்கு ஆபிரிக்காவில் ஆயிரக்கணக்கில் சனம் செத்துக்கொண்டிருந்த வருஷம் அது. (என் தங்கச்சியின் பெட்டி எந்தக் கம்பனி என்று ஊகிக்க வேண்டாம், சொல்லவும் மாட்டேன். இந்தத் தொழிலில் கன பேர் இருக்கிறார்கள்.)

"தெரபியூட்டிக் தரம்" என்று லேபிளில் இருக்கும். எந்த அரசும், எந்தச் சுயாதீன அமைப்பும் அப்படி ஒரு தரம் வழங்குவதில்லை. விற்கிறவர் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பட்டம். ஜெர்மனியில் இந்தப் போத்தல்கள் பெரும்பாலும் அழகுசாதனப் பொருளாக, அல்லது அறைக்கு வாசனை போடுகிற பொருளாகத்தான் சந்தைக்கு வருகின்றன. மருந்து என்று பதிந்தால் வேலை செய்கிறது என்று நிரூபிக்க வேண்டி வரும். அறை வாசனைக்கு அது தேவையில்லை, மணந்தால் போதும்.

இங்கேதான் சில புத்திசாலித் தம்பிமார் என்னை மடக்குவார்கள். "அண்ணை, லாவெண்டர் பதற்றத்துக்கு வேலை செய்யுது எண்டு ஆய்வு இருக்கே?"

இருக்கிறது. அதுவும் எங்கள் ஊரிலிருந்து. டுர்லாஹ் பக்கம் இருக்கிறது டொக்டர் வில்மார் ஷ்வாபெ என்ற மருந்து நிறுவனம். 1866இல் லைப்ஸிக்கில் தொடங்கி, போருக்குப் பிறகு இங்கே வந்தது. அவர்கள் லாவெண்டர் எண்ணெயை 80 மில்லிகிராம் குளிசையாக்கி "லசெயா" என்று விற்கிறார்கள். அப்போதேக்கவில் சீட்டில்லாமல் கிடைக்கும், வளர்ந்தவர்களுக்கு மட்டும். 2014இல் வெளியான ஆய்வில் பொதுப் பதற்றக் கோளாறு உள்ள 539 பேரை நாலு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்துக்கு 80 மில்லிகிராம், இன்னொன்றுக்கு 160, மூன்றாவதுக்குப் பராக்ஸெட்டின் என்ற வழமையான மருந்து, நாலாவதுக்குப் போலிக் குளிசை. பத்து வாரம். லாவெண்டர் எடுத்த இரண்டு கூட்டமும் போலிக் கூட்டத்தைவிட நல்லாக இருந்தன. மணத்தை வைத்து எது எது என்று கண்டுபிடித்துவிடக் கூடாதென்று போலிக் குளிசையிலும் மிகச் சிறிதளவு லாவெண்டர் சேர்த்திருந்தார்கள். இப்படி வேலை பார்த்திருக்கிறார்கள் என்றால் தொப்பியைக் கழற்றத்தான் வேண்டும்.

ஆனால் நான் சாஃப்ட்வேர் சோதிக்கிற ஆள். ஒரு கம்பனி தன் சாமானைத் தானே சோதித்து "எல்லாம் பச்சை" என்று அறிக்கை தந்தால், நான் அதைக் குப்பையில் போட மாட்டேன், கையெழுத்தும் போட மாட்டேன். அந்த ஆய்வுக்குக் காசு கொடுத்தது ஷ்வாபெ, எழுதியவர்களில் கம்பனி ஆட்களும் இருந்தார்கள். லாவெண்டர் விழுங்கினால் லாவெண்டர் ஏவறை வரும், அது கம்பனியே பக்கவிளைவாக எழுதியிருப்பது. ஏவறை வந்தவனுக்குத் தன் வயிற்றுக்குள் இருப்பது எது என்று தெரியாமலா இருந்திருக்கும்? இதையெல்லாம் கழித்துவிட்டும் அதில் ஏதோ இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். இந்தத் துறையிலேயே ஓரளவுக்கு நிற்கக்கூடிய ஆதாரம் அதுதான்.

இப்போது கவனியுங்கள். அது விழுங்குகிற குளிசை, அளந்த எண்ணெய், ஒவ்வொரு தடவையும் ஒரே கலவை, ஒவ்வொரு நாளும், கிழமைக் கணக்கில். பெட்டிக்குள்ளே ஒரு தாள் இருக்கும், குறையாவிட்டால் டொக்டரிடம் போ என்று. அன்ரி தந்தது மணிக்கட்டில் ஒரு துளி. அந்த ஆய்வைக் காட்டி இந்தத் துளியை விற்பது, பொர்ஷவின் சோதனை அறிக்கையைக் காட்டி சைக்கிள் விற்கிற மாதிரி. அதற்காகப் போத்தலில் உள்ளதைக் குடிக்கப் போகாதீர்கள், அதையும் சில விற்பனையாளர்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். குளிசை வேறு, போத்தல் வேறு.

இன்னொன்று. "ஜெர்மன்காரன் செய்தால் சரியாகத்தான் இருக்கும்" என்று எங்கள் அப்பாமார் நம்புகிறார்களே, அதே ஷ்வாபெ குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இதே கார்ல்ஸ்ரூஹேயில் ஹோமியோபதி உருண்டை செய்கிற டிஹெச்ஊ. மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட எஞ்சாத அளவுக்குக் கரைத்த உருண்டைகளும் அதில் உண்டு. ஒரே ஊர், ஒரே குடும்பம், ஒரு பக்கம் 539 பேர் ஆய்வு, மறுபக்கம் சீனி. முகவரியைப் பார்த்து நம்பாதீர்கள்.

"சரி, வேலை செய்யாட்டிலும் கெடுதல் இல்லைத்தானே?" இதைத்தான் சித்தியும் கேட்டா.

இருக்கிறது. கைக்குழந்தையின் மூக்குக்குக் கிட்ட மெந்தால், கற்பூரம், யூக்கலிப்டஸ் கொண்டுபோனால் குரல்வளை இறுகி மூச்சு நிற்கலாம். இரண்டு வயதுக்குக் கீழே இவை வேண்டாம் என்று சும்மா எழுதவில்லை. கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரும், சின்னப்பிள்ளைக்குக் கொஞ்சமே போதும். அக்கா அண்ணாமார், உங்களுக்குக் குழந்தை பிறந்ததும் ஊரிலிருந்து வருகிற தைலத்தை அலுமாரியின் மேல் தட்டில் வையுங்கள், பாசத்தோடு வந்தது என்பதால் குழந்தைக்குப் பூசாதீர்கள். பேர்கமொட் எண்ணெய் பூசி வெயிலுக்குப் போனால் தோல் எரியும். லாவெண்டர் போத்தலைத் திறந்தபடி வைத்தால் அதிலுள்ள லினலூல் காற்றோடு சேர்ந்து ஒவ்வாமை தருகிற பொருளாக மாறும். இயற்கை என்றால் சாது என்று யார் சொன்னது? அலரி விதையும் இயற்கைதான். அலரி என்ற சொல் எங்கள் ஊர்ப் பெண்களின் கதைகளில் எதற்காக வரும் என்று உங்கள் அம்மாவுக்குத் தெரியும்.

ஆனால் என் தங்கச்சிக்கு நடந்த கெடுதல் இவை ஒன்றுமில்லை. கடைசியில் அவளைப் பார்த்த உளச்சிகிச்சையாளர் அதை அவளுக்கு விளங்கப்படுத்தினார், அவள் எனக்குச் சொன்னாள். பயம் வரும்போது போத்தலை மணந்தாள், கொஞ்ச நேரத்தில் பயம் போனது. பயம் எப்படியும் போகும், உடம்பால் அந்த உச்சத்தில் அதிக நேரம் நிற்க முடியாது. ஆனால் அவள் மூளை படித்த பாடம் வேறு: "போத்தல் இருந்ததால் தப்பினேன்." அடுத்த தடவை போத்தல் இல்லாமல் வெளியே போக முடியாது. ஒரு நாள் பையில் போத்தல் இல்லை என்று தெரிந்ததுமே, ட்ராம் வரமுன்னமே, தரிப்பிடத்தில் வைத்தே வந்துவிட்டது. பானிக் சிகிச்சையில் இதற்குப் பெயரே இருக்கிறது, பாதுகாப்பு நடத்தை. தண்ணீர்ப் போத்தல், கதவுக்குக் கிட்ட இருக்கை, பக்கத்தில் அம்மா, சிலருக்கு வெற்றுக் குளிசைப் பெட்டி. பயத்தை ஆற்றுகிற மாதிரி இருக்கும், உண்மையில் அதைத் தீனி போட்டு வளர்க்கும். "நம்பிக்கைதானே, நம்பிவிட்டுப் போகட்டுமே" என்கிறவர்களுக்கு என் பதில் இதுதான். அவள் நம்பினாள். தன்னை நம்ப வேண்டிய இடத்தில் பத்து மில்லியை நம்பினாள்.

சரி, ஏன் ஏழு மாதம்? முட்டாள்த்தனம் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. சித்தியின் பயம் எண்ணெய் பற்றியதே இல்லை. "விசர் டொக்டரிட்டப் போனவள்" என்ற பேச்சு பற்றியது. நாளைக்கு யாராவது பொருத்தம் பார்க்க வந்தால் என்ன சொல்வது? எண்ணெய் என்றால் யாருக்கும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. வரவேற்பறையில், எல்லாருக்கும் முன்னால், நல்ல மணத்தோடு வைத்தியம் பார்க்கலாம். போரிலிருந்து ஓடிவந்த ஒரு தலைமுறை, தாங்கள் கண்டதற்கே ஒருநாளும் உதவி கேட்காதவர்கள், பிள்ளை ட்ராமில் பயப்படுகிறாள் என்று எப்படிக் கேட்பார்கள்? எண்ணெய் விற்கிறவர்கள் இந்த மௌனத்தின் அளவைச் சரியாக எடுத்து, அதற்குப் போத்தல் தைத்திருக்கிறார்கள்.

ஜெர்மன் பக்கமும் சுத்தமில்லை. சிகிச்சைக்கு இடம் கிடைக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அன்ரி அதே பின்னேரம் வீட்டுக்கு வருவா, உட்கார்ந்து தேத்தண்ணி குடிப்பா, கையைப் பிடிப்பா, ஒரு மணித்தியாலம் கேட்பா. இதை நான் நையாண்டிக்குச் சொல்லவில்லை. பாதி சுகம் அந்தக் கைதான். என் அம்மா இரவு வேலை முடித்து வந்து, தலையிடி என்று படுத்திருந்த என் நெற்றியில் கோடாலித் தைலம் தடவுவா. அந்தக் கையில் ப்ளீச் மணமும் இருக்கும். எனக்குத் தலையிடி போனது உண்மை. அதை எந்த ஆய்வாலும் போத்தலில் அடைக்க முடியாது, முப்பத்திரண்டு யூரோவுக்கு விற்கவும் முடியாது.

அதனால் நீங்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறேன், அம்மா அப்பா செய்யும் வரை காத்திருக்காதீர்கள். முதலில் வீட்டு டொக்டர். நெஞ்சுப் படபடப்பு தைரொயிட்டாலும் வரும், இரத்தப் பரிசோதனை செய்து பார்க்கட்டும். எண்ணெய் விற்கிறவர் இரத்தம் பார்க்க மாட்டார். பிறகு 116117. அந்த இலக்கத்தில் உளச்சிகிச்சையாளரிடம் முதல் ஆலோசனைக்கு நேரம் கேட்கலாம். வேறு டொக்டரின் கடிதம் தேவையில்லை, சட்டக் காப்புறுதி உள்ளவர்களுக்குச் செலவு காப்புறுதியுடையது. அந்த முதல் நேரம் சீக்கிரம் கிடைக்கும், தொடர் சிகிச்சைக்குத்தான் காத்திருப்பு. 21 வயது வரைக்கும் குழந்தைகள் இளைஞர்களுக்கென்றே உள்ள சிகிச்சையாளர்களிடம் போகலாம். இரவு இரண்டு மணிக்குத் தாங்கவில்லையென்றால் 0800 1110111, காசில்லை, பெயர் கேட்க மாட்டார்கள். இந்த இலக்கங்களை எந்த அன்ரியும் சாமத்திய வீட்டில் உங்களுக்குத் தர மாட்டா. தந்தால் அவவுக்குக் கழிவு கிடைக்காது.

அன்றைக்கு மண்டபத்தில் நான் அந்த அன்ரியிடம் ஒன்றும் சொல்லவில்லை. "நல்ல மணம் அன்ரி" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன். பெரியவர்களிடம் முகத்துக்கு நேரே கதைக்க எனக்கும் வராது, நானும் அதே வீட்டில்தான் வளர்ந்தேன். இதை அவவின் மகளுக்கு அனுப்பியிருக்கிறேன்.

தங்கச்சிக்குச் சிகிச்சையின் நாலாவது மாதம் ஒரு வீட்டுப்பாடம் வந்தது. போத்தலை வீட்டில் வைத்துவிட்டு, முதலாம் இலக்க ட்ராமில், ஒய்ரோப்பாபிளாட்ஸிலிருந்து டுர்லாஹ் வரைக்கும் இறங்காமல் போக வேண்டும். பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது. நான் கடைசித் தரிப்பிடத்தில், டூர்ம்பேர்க் அடிவாரத்தில் நின்றேன், அதுவும் சிகிச்சையாளரிடம் கேட்டுத்தான். ட்ராம் வந்தது. இறங்கினாள். முகமெல்லாம் வேர்வை, கை நடுங்கியது.

"மார்க்ட்பிளாட்ஸில வந்தது," என்றாள். "டுர்லாஹர் டோரில போயிட்டுது. எனக்குப் பசிக்குது அண்ணா."

பக்கத்தில் ஒரு டோனர் கடை இருந்தது. வெங்காயம் கூடப் போடச் சொன்னாள்.